பார், செல், எடு, சொல்

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் தென்காசியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் நம் தாயார். உறையின்மேல் பெறுநராக நம் மகளின் பெயர் இருந்தது. பதினொரு வயதுப் பெண். தன் பெயருக்கென்று அஞ்சலில் வந்த முதற் கடிதம் அதுவே. ஆவலோடு உறையைப் பிரித்தாள். தாளை விரித்துச் சிறிது நேரம் உற்று நோக்கினாள். பின்னர் அதை நம்மிடம் கொண்டுவந்து நீட்டி, "அப்பா, இதை வாசித்துத் தாருங்கள்" என்றாள்.

பாட்டி பேத்திக்கு எழுதிய கடிதத்தைப் பேத்தியால் படிக்க இயலவில்லை. தமிழ் பேசுவாள், பேசினால் புரிந்துகொள்வாள், எழுத்துத்தான் அவளுக்கு அயலாக நின்றது. பள்ளியில் மலையாளம், ஆங்கிலம், இந்தி ஆகிய மூன்றும் கற்கிறாள். நாமோ மைய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளர். ஒரு மொழியில் வந்த சுற்றறிக்கையை இன்னொரு மொழியில் ஆக்கிக் கொடுத்து அதற்கென்று ஊதியம் பெறுகிறோம். வீட்டுக்கு வந்த தமிழ்க் கடிதத்துக்கும் மகளுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக நிற்க நேர்ந்தபோது, உண்மையைச் சொன்னால், வெட்கம் பிடுங்கித் தின்றது.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ் நேயர்களுக்கு இது புதுக் கதையன்று. ஆயினும் நாம் குடியிருக்கும் மட்டாஞ்சேரியில் இது கூடுதலாக உறுத்தியது. கொச்சித் துறைமுகத்தின் பழைய வணிகப் பகுதியாகிய இங்கே, தெருவுக்கு ஒரு மொழி என்று சொல்லிவிடலாம். கொங்கணி பேசுவோர் உளர். குஜராத்தி பேசுவோர் உளர். கச்சி மேமன்கள் உளர். அவர்களுட் பலர் தலைமுறை தலைமுறையாகத் தம் மொழியை வீட்டுக்குள் வைத்துக் காத்து வருகின்றனர். கோட்டைக் கொச்சியின் வெளிப் பகுதியில் துணி வெளுக்கும் வண்ணார் குடும்பங்கள் டச்சுக்காரர் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தவை என்பர். அவர்கள் வாயிலும் இன்றுவரை தமிழ் இருக்கிறது. நம் வீட்டிலோ ஒரே தலைமுறையில் பாதி போய்விட்டது.

அரிச்சுவடி ஒன்று வாங்கி வந்தோம். 247 எழுத்துகளின் கட்டத்தைக் கண்டதும் பெண் மிரண்டாள். மூன்றாம் நாள் சுவடி மேசையின் அடியில் கிடந்தது.

மாடியில் ஒரு பொறியியற் கல்லூரி மாணவர் குடியிருக்கிறார். மலையாளி, தமிழைக் கேட்டால் விளங்கிக்கொள்வார், படிக்கத் தெரியாது. ஒரு நாள் மாலை நம் வீட்டுக்கு வந்தவர், சுவடி கிடந்த இடத்தையும் பெண் கணிப்பொறியின்முன் அமர்ந்திருந்த கோலத்தையும் பார்த்தார். "சார், இவளுக்குப் படமே இல்லாத விளையாட்டு ஒன்று செய்து கொடுப்போமா?" என்றார்.

படம் இல்லாத கணிப்பொறி விளையாட்டு என்றால் நேயர்கள் வியக்கலாம். இப்போது வரும் விளையாட்டுகளில் வண்ணமும் வேகமும் காதைத் துளைக்கும் ஓசையுமே மிகுதி. ஆனால் தொடக்கக் காலத்தில் அவற்றுட் பல வெறும் சொற்களால் ஆனவை. திரையில் ஓர் இடத்தைப் பற்றி மூன்று நான்கு வரிகள் தோன்றும். ஆடுபவர் தாம் செய்ய விரும்புவதை ஒரு கட்டளையாகத் தட்டெழுத வேண்டும். அதற்கேற்ற மறுமொழி மீண்டும் வரிகளாகவே வரும். ஆடுபவருக்கு வேண்டிய கருவி படிப்பு ஒன்றே.

இதன் பிறப்பில் ஒரு தந்தை இருக்கிறார் என்று அறிந்தபோது நமக்கு ஆர்வம் மிகுந்தது. வில் குரோதர் என்னும் அமெரிக்கர் கணிப்பொறி நிரல் எழுதுபவர். ஓய்வு நேரத்தில் கென்டக்கி மாநிலத்து மாம்மத் குகைகளில் இறங்கி அவற்றை அளந்து வரைபடம் ஆக்கியவர். மனைவியைப் பிரிந்த பின்னர், தம் பெண்மக்கள் விரும்பி விளையாடத்தக்க ஒன்றை ஆக்க எண்ணி, 1970-களின் நடுவில் அக்குகைகளையே சொற்களால் கட்டிக் கணிப்பொறியில் வைத்தார். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் உட்ஸ் 1977-இல் அதனை விரிவாக்கினார். அட்வெஞ்சர் என்பது அதன் பெயர். அடுத்த ஆண்டு, அதாவது 1978-இல், இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்னும் மாணவர் இன்னொரு படி மேலே சென்றார். ஒருவர் மட்டும் தனித்து அலையும் குகைக்கு மாறாக, பலர் வெவ்வேறு இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் புகுந்து ஒருவரையொருவர் சந்திக்கும் சொல்லுலகம் ஒன்றை அமைத்தார். ரிச்சர்டு பார்ட்டில் என்பவர் அதைத் தொடர்ந்து வளர்த்தார். பலர் புகும் நிலவறை என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரைச் சுருக்கி அதற்கு மட் என்று பெயரிட்டனர். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குச் சேறு என்றும் பொருள் உண்டு. காலை விட்டவர் எளிதில் எடுக்க முடிவதில்லையாதலின் பெயர் பொருத்தமே.

அதன் வழிவந்தவை பின்னர் நூற்றுக்கணக்கில் தோன்றின. எங்கே சென்றாலும் ஆடுபவர் முதலில் கற்பன ஒரு கைப்பிடிச் சொற்களே. சுற்றிலும் என்ன இருக்கிறது என்று அறிய ஒரு சொல். நகர ஒரு சொல். கண்ட பொருளை எடுக்கவும், எடுத்ததைக் கீழே வைக்கவும் ஒவ்வொரு சொல். கையில் என்ன இருக்கிறது என்று கணக்குப் பார்க்க ஒரு சொல். பேச ஒரு சொல். இவற்றைக் கற்றவர் உள்ளே போய்விடலாம். மற்றவை நாளடைவில் வரும்.

அம்மாணவர் நம்மிடம் ஒரு தாளைக் கொடுத்து, இவற்றுக்குத் தமிழ் எழுதித் தாருங்கள் என்றார். அலுவலகப் பழக்கத்தில் நாம் முதலில் எழுதியவை நகைப்புக்கு உரியவை. "சுற்றுப்புறத்தைக் காண்க", "பொருளை எடுத்துக்கொள்க" என்று வியங்கோளில் எழுதினோம். எழுதியதைப் பெண்ணிடம் காட்டியபோது அவள் முகம் அரிச்சுவடியைக் கண்ட முகமாயிற்று. அப்போதுதான் கல்லூரியிற் படித்த நன்னூல் நினைவுக்கு வந்தது. பவணந்தி முனிவர் வினைப்பகுதிகள் முடியும் எழுத்துகள் 23 என்று வகுத்து, அவற்றுக்குச் சான்றாக நட, வா, விடு, வை, போ, பார், செல், கேள் என்று சொற்களை அடுக்கிச் செல்கிறார். அங்ஙனம் நிற்பவை ஏவல் வினைகள். தமிழில் வினையின் வேர் எதுவோ அதுவே ஏவல். முன்னிலை ஒருமைக்கு ஈறு ஒன்றும் ஒட்ட வேண்டா. மாணவராய் இருந்தபோது அந்நூற்பாவை மனப்பாடம் செய்து ஒப்பித்தோமேயன்றி, அது ஒரு நாள் கணிப்பொறிக்குக் கட்டளைப் பட்டியலாகும் என்று கனவிலும் எண்ணியதில்லை.

பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பார், செல், எடு, வை, சொல் என்று ஐந்தே சொற்களை எழுதினோம். நேயர்கள் விரல் விட்டு எண்ணிப் பார்க்கலாம். இவ்வைந்திலும் வருவன எட்டே எழுத்துகள். 247 எங்கே, எட்டு எங்கே! அந்த எட்டையும் பெண் ஒரே மாலையிற் கற்றாள். தட்டெழுதுவதற்கு 1999-இல் தமிழ்நாட்டரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைப் பயன்படுத்தினோம். உயிர் இடக்கைப் பக்கமும் மெய் வலக்கைப் பக்கமுமாக அமைந்த அப்பலகை, எழுத்துக் கூட்டுவதையும் உடன் கற்பித்தது.

விளையாட்டின் களம் எது என்ற கேள்வி எழுந்தது. அசுரர் கோட்டை வேண்டும் என்றார் மாணவர். மட்டாஞ்சேரியே போதும் என்றோம் நாம். பெண்ணும் நம் பக்கம் சேர்ந்தாள். ஆட்டம் தொடங்கியதும் திரையில் தோன்றும் வரிகள் இவை: "படகுத்துறை. கிழக்கே காயல். மேற்கே அரண்மனை. தெற்கே யூதத் தெரு. வடக்கே பசார் சாலை. தரையில் ஒரு விளக்கு கிடக்கிறது."

அரண்மனைக்குள் புகுந்தால், 1555-ஆம் ஆண்டையொட்டிப் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்த மாளிகை அது என்றும், 1663-இல் டச்சுக்காரர் செப்பனிட்டமையால் டச்சு அரண்மனை எனப் பெயர் பெற்றது என்றும் சில வரிகள் வரும். சுவரில் இராமாயண ஓவியங்கள். யூதத் தெருவின் கோடியில் 1568-இல் எழுந்த யூதர் வழிபாட்டு மன்றம். அதன் மணிக்கூண்டின் முகங்களில் எபிரேய எண்ணும் ரோமானிய எண்ணும் மலையாள எண்ணும் வெவ்வேறாக உள்ளன. உள்ளே தரையிற் பதித்த சீன ஓடுகள் கையால் வரையப்பட்ட நீல ஓவியம் கொண்டவை.

இந்த ஓட்டினால் வந்த தொல்லையைச் சொல்ல வேண்டும். ஓடு என்றால் பொருளும் ஆம். விரைந்து செல் என்னும் ஏவலும் ஆம். ஓட்டைப் பார் என்று தட்டினால், தரையோட்டைப் பார்ப்பதா, துளையாகிய ஓட்டையைத் தேடுவதா என்று கணிப்பொறி தடுமாறியது. ஆங்கிலத்தில் ஏவல் முன்னே நிற்கும். பொருள் பின்னே வரும். தமிழில் ஏவல் வாக்கியத்தின் கடைசியில் நிற்கும். ஆதலின் கடைசிச் சொல்லை ஏவல் என்றும், அதற்கு முன் நிற்பதைப் பொருள் என்றும் கொள்ளுமாறு மாணவர் நிரலைத் திருப்பிப் போட்டார். துளை எதுவும் அம்மன்றத்தில் வைக்காமல் நாமும் ஒருவாறு தப்பினோம்.

அடுத்தது வேற்றுமை உருபு. விளக்கு என்று பொருட்பட்டியலில் இருக்கிறது. ஆடுபவர் விளக்கை எடு என்கிறார். இரண்டும் ஒன்று என்று பொறிக்கு எப்படித் தெரியும்? மாணவர் பழைய உத்தி ஒன்றைக் கையாண்டார். அமெரிக்கரின் அட்வெஞ்சர் விளையாட்டு ஒவ்வொரு சொல்லிலும் முதல் ஐந்து எழுத்தை மட்டுமே ஒப்பிட்டுப் பார்த்தது. அதையே இங்கும் செய்தார். ஆனால் பொறிக்கு 'வி' என்பது ஓர் எழுத்தன்று. வகரமும் இகரக் குறியுமாக இரண்டு. 'க்' என்பது ககரமும் புள்ளியுமாக இரண்டு. ஆகவே விளக்கு என்னும் சொல்லில் முதல் ஐந்து குறிகள் 'விளக்' என்பதோடு முடிந்துவிடும். விளக்கை என்றாலும் அதே ஐந்துதான். உருபு தானே உதிர்ந்துபோயிற்று! இருவரும் மகிழ்ந்தோம்.

அம்மகிழ்ச்சி ஒரு நாள் நீடித்தது. பசார் சாலைக் கிடங்கு ஒன்றில் நாம் ஒரு விளக்குமாற்றை வைத்திருந்தோம். கிடங்கைப் பெருக்கினால்தான் கதவு திறக்கும் என்பது ஏற்பாடு. பெண், விளக்குமாற்றை எடு என்று பொறுமையாக எழுத்துக் கூட்டித் தட்டினாள். "விளக்கை எடுத்தாய்" என்றது பொறி. மீண்டும் தட்டினாள். "விளக்கு உன் கையில்தான் இருக்கிறது" என்றது. அன்று வீட்டில் எழுந்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பின்னர்ப் பழம் என்பது பழத்தை ஆவதையும் கணக்கில் கொண்டு, ஒவ்வொரு பொருளுக்கும் உருபேற்ற வடிவத்தைத் தனியே எழுதிக் கொடுத்தோம். மகர ஈற்றுச் சொல் அத்துச் சாரியை பெறும் என்பதை அம்மாணவருக்கு விளக்கத் தேவையே ஏற்படவில்லை. மரம், மரத்தெ என்று அவர் மொழியிலும் அப்படித்தான். அஃறிணைக்கு உருபைத் தொகுத்து விளக்கு எடு என்று சொன்னாலும் தமிழில் வழுவன்று. அதனையும் ஏற்கச் செய்தோம்.

திசைகளே நம்மை மிகுதியும் சிந்திக்க வைத்தவை. இவ்வகை விளையாட்டுகளில் நகர்வதற்கு முழுச் சொல் வேண்டியதில்லை; திசையின் முதலெழுத்துப் போதும். தமிழில் வ, தெ, கி, மே என்று நான்கும் நன்றாகவே வேறுபடுகின்றன. ஆனால் படி ஏறுவதற்கு மேலே என்றும், இறங்குவதற்குக் கீழே என்றும் வேண்டுமே. மே என்றால் மேற்கா, மேலேயா? "அப்பா, மேற்கே போனால் உயரமா?" என்று பெண் கேட்டாள். அவள் அறியாமற் கேட்டாளாயினும் கேள்வி சரியானது. கீழ் என்பதிலிருந்து கிழக்கும், மேல் என்பதிலிருந்து மேற்கும் பிறந்தன. மதுரையின் மேல ஆவணி மூல வீதி மேற்கே இருப்பதும் அதனாலேயே. தமிழகம் மேற்கு மலையிலிருந்து கீழைக் கடலை நோக்கிச் சரிந்த நிலம். தென்காசியில் நின்றால் மேற்கே குற்றால மலை எழுந்து நிற்கக் காணலாம். மேற்கு மேல்தான் என்பது அங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும்.

மலையைக் கடந்து இப்பக்கம் வந்தால் எல்லாம் தலைகீழ். மலை கிழக்கே, கடல் மேற்கே. எனினும் மலையாளத்தில் மலை இருக்கும் திசைக்குப் பெயர் கிழக்கு என்பதே. மேற்குக்கு மட்டும் படிஞ்ஞாறு, அதாவது ஞாயிறு படியும் திசை, என்கின்றனர். 1856-இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் இதனை எடுத்துக்காட்டி, மலைக்குக் கிழக்கேயிருந்து வந்தோர் கொண்டுவந்த சொல் அது என்று வாதிட்டார். வேலை தேடி மலையைக் கடந்து வந்தவர்கள் நாம் மட்டும் அல்லர் போலும். கிழக்கு என்னும் சொல்லும் நமக்கு முன்னரே கடந்து வந்து, பொருந்தாத நிலத்தில் பொருந்திக்கொண்டது. இதைப் பெண்ணுக்குச் சொல்ல ஒரு மாலை ஆயிற்று. விளையாட்டில் மேலே, கீழே என்பவற்றை விட்டுவிட்டு, ஏறு, இறங்கு என்னும் ஏவல்களை வைத்தோம். சிக்கல் தீர்ந்தது.

படிஞ்ஞாறு என்று தட்டினாலும் நகரட்டுமா என்று மாணவர் கேட்டார். ஒரு சொல்லுக்கு மாற்றுச் சொல் சேர்ப்பது நிரலில் ஒரே வரியாம். முதலில் மறுத்தோம், பிறகு இசைந்தோம். வேறு பொருள் தராத சொல்லால் கேடு இல்லை. ஆனால் பற என்பதை ஏற்க முடியாது என்று உறுதியாக நின்றோம். மலையாளத்தில் பற என்றால் சொல் என்று பொருள். ஒரு நாள் பெண் மிளகு வணிகனிடம் பேச எண்ணி, வணிகனிடம் பற என்று தட்டினாள். "உனக்குச் சிறகு இல்லை" என்று மறுமொழி வந்தது. அவள் தமிழ் எழுத்தில் மலையாளம் எழுதியிருந்தாள். பொறியோ தமிழையே படித்தது. சினந்து நம்மிடம் வந்தவளுக்குச் சிரித்துக்கொண்டே விளக்கினோம். அதன்பின் அவள் ஒருமுறைகூட அப்பிழையைச் செய்யவில்லை. நாம் பத்து முறை திருத்தியிருந்தால் பத்து முறையும் மறந்திருப்பாள்.

கொடுப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஈ, தா, கொடு என்னும் மூன்றையும், இரப்போன் தாழ்ந்தவனாயின் ஈ என்றும், ஒத்தவனாயின் தா என்றும், உயர்ந்தவனாயின் கொடு என்றும் சொல்வான் எனத் தொல்காப்பியம் வரையறுக்கிறது. பொறிக்கு முன் நாம் யார்? உயர்ந்தோரே என்று துணிந்து கொடு என்பதை வைத்தோம். பெண் வணிகனிடம் பேசும்போது மட்டும், மிளகைத் தா என்று தானாகவே எழுதினாள்.

இவையெல்லாம் நடந்தது வீட்டுக்குள். பலர் புகும் விளையாட்டு என்றோமே, அந்த வாசல் திறந்தது சித்திரை மாதத்தில். மாணவர் அதனை இணையத்தில் ஏற்றினார். முதல் நாள் வரிகள் பாதியில் முறிந்து கேள்விக்குறிகளாகத் தெரிந்தன. இன்றைய குறியீட்டு முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும். அவர் எடுத்தாண்ட பழைய நிரற்பகுதியோ எழுத்துக்கு ஒரு பைட்டு என்று எண்ணி வெட்டிக்கொண்டிருந்தது. ஓர் இரவு விழித்துச் சரிசெய்தார்.

பிறகு தென்காசியிலிருந்து நம் தமையனார் மகன் உள்ளே வந்தான். பதின்மூன்று வயது, தமிழில் தேர்ந்தவன். அவன் பக்கத்தில் ஆச்சி, அதாவது நம் தாயார், அமர்ந்திருந்தார். யார் என்று தட்டினால் உள்ளே இருப்போர் பெயர்கள் வரும். அதுவரை ஒரு பெயரையே காட்டிவந்த திரை அன்று இரண்டு பெயர்களைக் காட்டியது. பெண் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

இவ்வுலகில் பேசுவதற்கு மூன்று ஏவல்கள் வைத்தோம். சொல் என்றால் அதே இடத்தில் நிற்போர் எல்லோருக்கும் கேட்கும். ஓது என்றால் காதில் ஓதுவதுபோல் ஒருவருக்கு மட்டும் கேட்கும். கூவு என்றால் மட்டாஞ்சேரி முழுவதும் கேட்கும். யூதத் தெருவில் 1957-இல் நிறுவப்பட்ட மிளகு வணிகச் சங்கத்தில், முன்னாளில் வணிகர் ஒருவரையொருவர் விஞ்சிக் கூவியே முன்பேர விலை பேசினர். பின்னர் அதுவும் கணிப்பொறிக்கு மாறியது. அந்நினைவாகவே கூவு என்று பெயரிட்டோம்.

தமையனார் மகன் வழியாக ஆச்சி பேத்திக்கு அனுப்பிய முதற் செய்தி ஆசியும் அன்று, அறிவுரையும் அன்று. கிடங்குகளைப் பற்றிய வரிகளை அவன் படித்துக் காட்டக் கேட்டிருந்தார் போலும். "மிளகு என்ன விலை?" என்று வந்தது. பெண் அதை எழுத்து எழுத்தாகக் கூட்டினாள். 'ள'வையும் 'ல'வையும் மாற்றிப் படித்து, மீண்டும் திருத்திப் படித்தாள். நாம் வாய் திறக்கவில்லை. படித்து முடித்தவள் திகைத்தாள்; விலை அவளுக்குத் தெரியாது. மறுநாள் பள்ளி விட்டதும் நம்மைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போய், மெய்யாகவே விலை கேட்டு வந்து, அன்று இரவு கூவு என்னும் ஏவலால் ஊரறியச் சொன்னாள். ஆச்சிக்கு அது கொள்ளை மலிவாகப் பட்டதாம்.

ஆட்டத்தை விட்டு வெளியேற முடி என்னும் சொல்லை வைத்திருந்தோம். ஆச்சி அதனை ஏற்கவில்லை. "விளக்கு வைத்த நேரத்தில் பிள்ளை முடி என்றா சொல்வது?" என்று கடிந்துகொண்டார். போ என்று மாற்றலாமா என்றதற்கு அதைவிடக் கடுமையான மறுமொழி வந்தது. இப்போது ஆடுபவர் வருகிறேன் என்று தட்டினால்தான் வெளியேறலாம். பட்டியலில் ஏவல் அல்லாத சொல் இது ஒன்றே. இலக்கணப்படி பொருந்தாது என்று மாணவர்கூடச் சொன்னார். இருக்கட்டும்.

ஆவணியில் இரண்டாம் கடிதம் வந்தது. பெண் அதை நம்மிடம் நீட்டவில்லை; திண்ணைக்கு எடுத்துச் சென்றாள். "நன்றாகப் படி. பாலைக் குடி. அப்பா சொல்வதைக் கேள். விடுமுறைக்கு வா." இவ்வரிகளை அவள் தடையின்றிப் படித்ததைக் கதவருகே நின்று கேட்டோம். பாட்டிமார் கடிதங்களில் பாதிக்குமேல் ஏவல் வினைகளே என்பது அன்றுதான் நமக்குத் தெரிந்தது. ஆனால் நடுவில் ஒரு நீண்ட பத்தி இருந்தது. அதில் ஏவல்கள் இல்லை. இறந்தகாலமும் எதிர்காலமும், செய்வார்களாம், சொல்லியிருக்கிறார் என்று தொடர்ந்தன. அங்கே அவள் நின்றுவிட்டாள். சிறிது பொறுத்து உள்ளே வந்து, "கண்ணில் புரை என்று எழுதியிருக்கிறதே. கண்ணில் எப்படிப் புரை இருக்கும்?" என்றாள். மலையாளத்தில் புர என்றால் வீடு.

தாளை வாங்கிப் படித்தோம். இரு கண்ணிலும் புரை முற்றிவிட்டது, ஐப்பசியில் அறுவை செய்வார்களாம், அதுவரை எழுத வேண்டா என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார், இதுவே கோணல்மாணலாகத்தான் இருக்கும் என்று எழுதியிருந்தார். கையெழுத்து மெய்யாகவே வரியை விட்டு இறங்கிக்கொண்டே போயிற்று. முந்திய கடிதத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தோம். அதிலும் இறங்கியே இருந்தது. மாசியில் அதனை உரக்க வாசித்துக் காட்டியவர்கள் நாம், எழுத்தைப் பார்க்கவில்லை.

ஆச்சிக்கு உடனே மறுமொழி எழுத வேண்டும் என்றாள் பெண். அறுவைக்கு முன் அவர் கண்ணாலேயே படிக்க வேண்டுமாம். கோலப் புத்தகத்தில் எழுதுவதுபோல் தாளுக்கு நான்கு வரியாகப் பெரிய எழுத்தில் தொடங்கினாள். "ஆச்சி, மருந்து குடி. உறங்கு. இங்கே வா." பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பயப்பட வேண்டாம் என்று எப்படி எழுதுவது என்று கேட்டாள். அவள் கற்ற பட்டியலில் அப்படி ஒன்றும் இல்லை. பொறியிடம் இதைச் செய் என்போம். செய்யாதே என்று சொல்ல ஒருபோதும் நேர்வதில்லை. ஆதலின் எதிர்மறை ஏவல் அவளுக்குத் தெரியாது. ஒரு துண்டுத் தாளில் பயப்படாதே என்று எழுதிக் கொடுத்தோம். அதைப் பார்த்து எழுதினாள். நடுவில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. திருத்துவதே தொழிலாக உடைய நாம் அதனைத் திருத்தாமல் அஞ்சலிற் சேர்த்தோம்.

அறுவை நலமாக முடிந்தது. மார்கழி விடுமுறையில் ஆச்சி பாலருவி வண்டியில் எறணாகுளம் வந்து இறங்கினார். மட்டாஞ்சேரிக்கு அவர் அதற்குமுன் வந்ததில்லை. மறுநாட் காலை பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு படகுத்துறையில் நின்றார். கறுப்புக் கண்ணாடியை உயர்த்திக் காயலைப் பார்த்தார். திரும்பி எதிரே பார்த்தார். வழி சொல்ல நாம் வாயெடுக்குமுன், "மேற்கே அரண்மனைதானே? அதை அப்புறம் பார்ப்போம். வடக்கே போனால் கிடங்கு, முதலில் மிளகு விலை கேட்போம்" என்று சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினார்.